ஓசோனும் காட்டு மரங்களும்

வானின் மேலடுக்கில் நிற்கும் ஓசோன், கதிரவனின் கொடிய புறஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கின்றது. அதே ஓசோன் நிலத்தை ஒட்டிய காற்றில் மிகுமாயின் நஞ்சாகின்றது. வாயிலில் வாளேந்தி நிற்பவன் காவலன். அவனே இல்லத்துள் புகுந்து வாள் வீசின் பகைவன் அல்லனோ?

நிலமட்ட ஓசோனை எந்தப் புகைபோக்கியும் நேரே கக்குவதில்லை. வண்டிகளும் ஆலைகளும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிய அது தோன்றுகின்றது. தோன்றிய இடத்திலேயே அது தங்குவதுமில்லை. காற்று அதனைத் தொலைவிலுள்ள காடுகளுக்கும் சுமந்து செல்கின்றது.

அமெரிக்க நாட்டில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே சான் பெர்னார்டினோ மலைகள் உள்ளன. 1950-களில் அங்கு வளர்ந்த பாண்டரோசா பைன் மரங்களின் ஊசியிலைகளில் மஞ்சள் நிறத் திட்டுகள் படர்ந்தன; இலைகள் காலத்திற்கு முன்னரே உதிர்ந்தன. காரணம் விளங்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர், நகரப் புகைமூட்டத்தின் ஓசோனே அந்நோய்க்கு வித்து எனத் தெளிந்தனர். வலிவிழந்த மரங்களைப் பட்டை வண்டுகள் துளைத்து வீழ்த்தின.

இத்தகைய கேட்டை முன்னரே மதிப்பிடுவது எங்ஙனம்? ஐரோப்பிய நாடுகளில் ஒரு முறை வழங்கலாயிற்று. காற்றின் நூறு கோடிப் பங்கில் ஓசோன் 40 பங்கினை விஞ்சும் பகற்பொழுதுகளில், விஞ்சிய அளவை மணிதோறும் கூட்டுவர். இம்முறை எளிது, ஆயினும் குறையுடையது. ஓசோன் பெரும்பாலும் இலைத்துளை வழியாகவே மரத்தினுள் புகும். வறண்ட காலத்தில் நீரிழப்பைத் தடுக்க மரம் அத்துளைகளைச் சுருக்கிக்கொள்ளும். அப்பொழுது புறத்தே நஞ்சு மிகினும் உட்செல்வது குறைவே. மண்ணில் ஈரமும் காற்றில் இதமும் உள்ள இடத்திலோ துளைகள் திறந்திருக்கும். புறத்தே நஞ்சு அளவாய் இருப்பினும் இலை அதனை மிகுதியாய் உட்கொள்ளும்.

ஆதலின், காற்றில் உள்ளது எவ்வளவு என்பதினும் இலை உட்கொண்டது எவ்வளவு என்று ஆராய்வதே அறிவுடைமை. குடத்தில் எஞ்சிய நஞ்சை அளந்து நோயாளியின் நிலையைத் துணியும் மருத்துவர் உளரோ? இலை உட்கொள்ளும் அளவைக் கணக்கிடும் முறையும் ஐரோப்பாவில் பின்னர் ஏற்கப்பட்டது. மண்ணின் ஈரம், வெப்பம், ஒளி, மரத்தின் இனம் ஆகியன எல்லாம் இதற்கு வேண்டுமே, இது பெருந்தொல்லை அன்றோ எனச் சிலர் கூறுவர். உண்மையே. ஆனால் எளிய கணக்கு வறண்ட காட்டை இடர்மிக்கது என்றும், பசுங்காட்டை அச்சமற்றது என்றும் காட்டிவிடின், காக்க வேண்டிய காடு காவலின்றிப் போகும். இலையில் திட்டுத் தோன்றும் வரை காத்திருத்தலும் தகாது; புறத்தே வடுவின்றியும் மரத்தின் வளர்ச்சி குன்றுதல் உண்டு.

எனினும் அளத்தல் காத்தல் ஆகாது. எக்காட்டிற்கு இடர் மிகுதி என்பதைக் கணக்குக் காட்டும். அவ்விடரைக் குறைப்பது நகரத்தார் தம் புகையைக் குறைப்பதேயாம். காடு தன் இடம்விட்டுப் பெயர்ந்து தப்ப இயலாது. பெயரவல்ல மாந்தரே அதற்காகத் தம் வழியை மாற்றிக்கொள்ளுதல் கடன்.