குறட்டையைக் கேளாமல் குருதியைக் கேட்போர்

உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவோருக்கு இதயநோய் வரும் வாய்ப்பைச் சி-ரியாக்டிவ் புரதத்தின் அளவைக் கொண்டே கணித்துவிடலாம் என்னும் நம்பிக்கை ஆய்வரங்குகளில் வலுத்து வருகிறது. ஊசி ஏற்றிக் குருதி எடுத்தால் போதுமாம். நோயாளியிடம் பேசவே வேண்டியதில்லை. மொழியியல் பயின்றவருக்கு அழற்சிக் குறியீடுகளில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது.

முதலில் குருதியையே பார்ப்போம். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபட, பத்து நொடியோ அதற்கு மேலோ காற்று நிற்கிறது. ஆக்சிஜன் சரிந்து, மீண்டும் ஏறுகிறது. இரவெல்லாம் தொடரும் இந்த ஏற்ற இறக்கம் அழற்சியைத் தூண்டுகிறது. இன்டர்லூக்கின்-6 உயர, கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தைக் கூடுதலாக உண்டாக்குகிறது. இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உடற்கொழுப்பும் அதே இன்டர்லூக்கினை வெளியிடுகிறது. மூச்சுத்தடை உள்ளோரில் பலர் பருமனானவர்கள். அப்படியானால் உயர்ந்து நிற்கும் எண் எதைச் சுட்டுகிறது? 2014இல் வெளியான ஓர் ஆய்வு, பருமனும் மூச்சுத்தடையும் உடைய 181 பேரை 24 வாரம் பின்தொடர்ந்தது. எடை குறைத்த குழுக்களில் புரதம் குறைந்தது. இரவில் காற்றழுத்தக் கருவியை மட்டும் அணிந்த குழுவில் குறையவில்லை. 2016இல் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 2,717 பேரிடம் நடந்த 'சேவ்' ஆய்விலும் அக்கருவி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைக் குறைக்கவில்லை. (இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அணிந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இம்முடிவை மேற்கோள் காட்டுவது நேர்மையன்று.) பல்லில் சீழ் பிடித்தாலும் ஏறக்கூடிய எண் அது.

ஆய்வுக்குள் எவர் வருகிறார் என்பதைத் தீர்மானிப்பவையோ கேள்விகள். 1991இல் மெல்போர்னில் மரே ஜான்ஸ் உருவாக்கிய எப்வொர்த் அளவுகோலில் எட்டுச் சூழல்கள் உள்ளன: படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, காரில் ஒரு மணிநேரம் பயணிக்கும்போது, போக்குவரத்து நெரிசலில் கார் நிற்கும்போது எனச் செல்லும் அவற்றில் கண்ணயர்வீர்களா என்று கேட்கிறது. போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு வளைவுகளில் கம்பியைப் பிடித்தபடி உடும்பன்சோலை ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்ணிடம் இதைக் கேட்டுப் பூச்சியம் போட்டால், அவருக்குப் பகல்தூக்கம் இல்லை என்று பொருளா, கார் இல்லை என்று பொருளா?

மொழிச் சிக்கல் இன்னும் கொடிது. குறட்டைக்கு மலையாளத்தில் கூர்க்கம்வலி என்று பெயர். அங்கே வலி என்பது இழுத்தல். தமிழ்ச் செவிக்கு அது நோவு. "கூர்க்கம்வலி உண்டோ?" என்று கேட்டால், கொழிஞ்சாம்பாறையில் சந்தை மலையாளம் மட்டும் அறிந்த முதியவர், எங்கும் வலிக்கவில்லையே என்று எண்ணி, இல்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். 'மூச்சுத்திணறல்' என்கிறார்கள்; திணறல் விழித்திருப்பவர் உணர்வது. இந்நோயிலோ உறங்குபவர் பெரும்பாலும் எதையும் அறியார். அருகில் படுத்தவரே அறிவார். "தூங்கையில மூச்சு நின்னு நின்னு வருதா?" என்று அவரைத்தான் கேட்க வேண்டும். ஒற்றை அறை லயங்களில் சாட்சிகளுக்கா பஞ்சம்?

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடமளிக்கிறது. மனு தமிழில் போகலாம்; நோய் பற்றிய கேள்வி தமிழில் வரக்கூடாதா?

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இத்தகைய ஆய்வைத் திட்டமிடும் நண்பர்களுக்கு: கேள்வியைப் புரிந்துகொள்ளாமல் 'இல்லை' என்றவர் உங்கள் ஒப்பீட்டுக் குழுவில் நோயற்றவராக அமர்ந்திருக்கக்கூடும். அவர் குருதியிலும் புரதம் உயர்ந்திருக்கும். அதை வைத்து நீங்கள் கணக்கிடும் வேறுபாடு எதன் வேறுபாடு? எந்த மொழியில், எந்தச் சொல்லால், யாரிடம் கேட்டீர்கள் என்பதை ஆய்வுமுறை இயலில் எழுதுங்கள். பிறகு புரதத்தின் அளவைப் பற்றி விவாதிப்போம்.