வசனம் யாருடையது?

பிழைப்புக்காக வேறு நாடு போன தொழிலாளிக்கு ஆங்கிலம் பேச வருவது எப்படி? இலக்கணத்தை உருப்போடுவதால் மட்டும் வராது. கடை, ஆஸ்பத்திரி, ஆலை என்று ஒரு நிலைமையைப் பாவித்துக்கொண்டு, ஆளுக்கொரு வேஷம் எடுத்துப் பேசிப் பழகினால் நாக்குத் திருந்தும் என்கிறார்கள் ஆசிரியர்கள். உண்மைதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வேஷத்தைக் கொடுப்பது யார்? வசனம் யாருடையது?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள், தோழர்களே! 1914-ல் ஹைலண்ட் பார்க் நகரிலிருந்த ஃபோர்டு மோட்டார் ஆலையில் பெரும்பாலோர் போலந்து, ருஷ்யா, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் கம்பெனி ஆங்கிலப் பள்ளி திறந்தது. பீட்டர் ராபர்ட்ஸ் வகுத்த முறைப்படி, தூங்கி எழுவதையும் முகம் கழுவுவதையும் உபாத்தியாயர் நடித்துக்கொண்டே சொல்வார். மாணவர்களும் கூடவே சொல்வார்கள். முறையில் குறையில்லை. வகுப்போ வேலை நேரத்துக்கு வெளியே, வந்தே தீரவேண்டும்!

பள்ளி முடிப்பு விழாவில் மேடைமேல் ஒரு ராட்சத அண்டா. தாய்நாட்டு உடையும் மூட்டையுமாகத் தொழிலாளி ஒரு பக்கம் அதில் இறங்குவான். உபாத்தியாயர்கள் நீண்ட கரண்டிகளால் கிண்டுவார்கள். மறுபக்கம் அமெரிக்கக் கோட்டும் கையில் கொடியுமாக ஏறி வருவான். ஆளையே சமைத்து எடுத்தார்கள்! இதே கம்பெனி தொழிற்சங்கத்தை அங்கீகரித்தது 1941-ல். அதுவும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான்.

அந்நாளில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி தன் போலந்துத் தொழிலாளருக்குக் கொடுத்த முதல் ஆங்கிலப் பாடமோ, சங்கு ஊதியதும் விரைந்து உள்ளே போகவேண்டும் என்பதைப் பற்றியது. மில் சங்கின் பொருளை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? 1985-ல் எல்ஸா அவர்பாக், டெனிஸ் பர்ஜஸ் என்ற இருவர், குடியேறிய ஏழைகளுக்கான ஆங்கிலப் பாடப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து எழுதினார்கள். அனுமதி கேட்பது, விளக்கம் கேட்பது, செய்தது சரியா என்று விசாரிப்பது — இதற்கெல்லாம் வசனம் தாராளமாக இருந்தது. மறுக்கவும் முறையிடவும் கண்டிக்கவும் வசனத்துக்குப் பஞ்சம்! அடங்கிப் போவதையே பாஷை என்று கற்பித்திருக்கிறார்கள்.

மாற்று வழியும் உண்டு. அவர்பாக்கும் நினா வாலர்ஸ்டீனும் 1987-ல் தொழிலாளருக்கென்றே ஒரு பாடநூல் வெளியிட்டார்கள். பிரேஸில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே காட்டிய வழி அது. ஆலையில் நேரும் கஷ்டமே அங்கே பாடம். அதைச் சேர்ந்து விவாதித்து, என்ன செய்யலாம் என்று யோசித்து, அதற்கு வேண்டிய ஆங்கிலத்தைப் பழகுகிறார்கள்.

அப்படியானால் எதை நடிப்பது? காப்புத் தகடு இல்லாத மிஷினில் நிற்க மறுப்பது. சம்பளத்தில் விடுபட்ட ஓவர்டைமைக் கேட்பது. புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் சங்கத்தோழரைக் கூப்பிடுவது. மேஸ்திரி வேஷத்தையும் ஒரு தொழிலாளியே கட்டட்டும். தினமும் கேட்ட வசனம், ஒத்திகை தேவைப்படாது!

எந்த நாட்டிலானாலும் சரி, ஆங்கில வகுப்பு நடத்துகிறோம் என்று கம்பெனி அறிவித்தால் தொழிலாளர் முதலில் கேட்கவேண்டியவை இரண்டு. வகுப்பு வேலை நேரத்தில், சம்பளத்தோடு நடக்க வேண்டும். எந்தக் காட்சியை நடிப்பது என்பதைப் படிக்கிறவர்களும் அவர்களுடைய சங்கமுமே தீர்மானிக்க வேண்டும்.