இறுகிய இறப்பரும் இளக்கும் மயக்கமும்

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை ஆகிய இடங்களிலும் மொரிஸ் மைனர், ஒஸ்ரின், வொக்ஸ்வாகன் முதலிய பழைய கார்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதனை வெறும் பழமை மோகம் என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் நிலவிய 1960களிலும் 1977 வரையிலும் புதிய கார் என்பது பெரும்பாலோர்க்கு எட்டாத பொருளாகவே இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இருப்பதைப் பேணிக்கொள்ளும் பழக்கத்தை நம்மவர்க்குத் தேவையே கற்பித்தது. அப்பழக்கத்தைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. அதன் பெயரால் நிகழும் ஒரு பேதைமையையே ஈண்டு மறுக்க முற்படுகின்றோம்.

இறுகி வெடித்த இறப்பர் உறுப்புகளை மண்ணெண்ணெயில் ஊறவைக்கின்றனர், டீசலில் தோய்க்கின்றனர், கழித்த எஞ்சின் எண்ணெயைப் பூசுகின்றனர். சற்றே படித்தவர்கள் சைலீனுடன் விண்டர்கிறீன் எண்ணெயைக் கலந்து, அதில் உறுப்பைச் சில நாள் இட்டுவைக்கின்றனர். மூட்டுவலித் தைலங்களுக்கு மணம் தருவது இவ்வெண்ணெயே. மனிதரின் மூட்டுக்குச் செய்யும் வைத்தியம் காரின் மூட்டுக்கும் ஆகும் என எண்ணினர் போலும்! எடுத்துப் பார்த்தால் உறுப்பு கறுத்து மினுங்குகின்றது. விரலால் அழுத்தினால் இசைகின்றது. “இறப்பருக்கு உயிர் வந்துவிட்டது” என்று மகிழ்கின்றனர். வந்தது உயிரன்று, வீக்கம்.

இறப்பர் இறுகுவது நீர் வற்றிய சேறு இறுகுவதைப் போன்றதன்று. இயற்கை இறப்பர் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்த முறைப்படி கந்தகத்துடன் சூடாக்கும்பொழுது, அச்சங்கிலிகளுக்கிடையே கந்தகப் பாலங்கள் தோன்றுகின்றன. இழுத்தால் நீண்டு விட்டால் மீளும் பண்பு அப்பாலங்களால் நிலைபெறுகின்றது. வெப்பமும் ஒட்சிசனும் பல ஆண்டுகள் தாக்கும்பொழுது சில இடங்களில் பாலங்கள் மிகுகின்றன. வேறு சில இடங்களில் சங்கிலிகளே அறுகின்றன. காற்றில் மிகச் சிறிதளவாகவுள்ள ஓசோனோ சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டுகின்றது. இழுவிசையிலுள்ள இறப்பரில் இழுவிசைக்குச் செங்குத்தாக வெடிப்புகள் ஓடுவதைக் காண்போர் ஓசோனின் கைவரிசையையே காண்கின்றனர். அறுந்த சங்கிலியை எந்த எண்ணெய் ஒட்டவைக்கும்? கரைப்பான் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றை அகற்றி நிறுத்துகின்றது. அதனால் உறுப்பு பருத்து மென்மையாகின்றது. கரைப்பான் ஆவியாகி வெளியேறியதும் பழைய இறுக்கம் திரும்புகின்றது. கந்தகப் பாலங்களைப் பிரிக்கும் முறைகள் தொழிற்சாலைகளில் உண்டு என்பது மெய்யே. ஆயின், அங்கு இறப்பரை முதலில் அரைத்துத் தூளாக்கி விடுகின்றனர். பொருள் மீள்கின்றது, உறுப்பு மீள்வதில்லை.

இது கதவு இறப்பரோடு நின்றுவிடுமாயின் நாம் பேனா எடுத்திருக்க மாட்டோம். மழைநீர் உள்ளே ஒழுகும், இருக்கை நனையும், அவ்வளவே. ஆனால் இதே கை, இதே எண்ணெயோடு, பிறேக் உறுப்புகளுக்கும் செல்கின்றது. மாஸ்டர் சிலிண்டரின் உள்ளேயுள்ள சிறு கிண்ணம் போன்ற இறப்பரை நம் கராஜ்களில் ‘கப்’ என்பர். அதன் மெல்லிய விளிம்பு சிலிண்டர்ச் சுவரோடு பொருந்தி நிற்பதாலேயே பாதத்தின் அழுத்தம் சில்லுகளைச் சென்றடைகின்றது. பெற்றோலிய எண்ணெய் பட்டால் அது வீங்கும். வீங்கிய கப், திரவம் திரும்பிச் செல்லும் நுண்துளையை மூடிவிடும், பாதத்தை எடுத்த பின்னரும் பிறேக் விடாது, உராய்வால் சூடேறும், இறுதியில் பிறேக் பிடிக்கும் திறனே குன்றும். மண்ணெண்ணெயால் பிறேக் உறுப்புகளைக் கழுவுவதுகூட இக்கேட்டுக்கு வழியாகும். பிறேக் திரவத்தாலோ மெதிலேற்றட் ஸ்பிரிற்றாலோ கழுவுதலே தக்க முறை.

மொரிஸ் மைனர் போன்ற அக்காலக் கார்களில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே திரவச் சுற்றே உண்டு. ஒரு கப் கைவிட்டால் நான்கு சில்லுகளும் கைவிடும். பின்சில்லுகளைக் கம்பியால் இழுக்கும் கைப்பிறேக் மட்டுமே எஞ்சும். கடுகண்ணாவை இறக்கத்திலோ மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவிலோ இஃது எத்தகைய துணை என்பதை அவ்வழிகளில் சென்றோர் அறிவர். சமவெளியில் பிழைக்கக்கூடிய தவறு மலைநாட்டில் பிழைக்காது. காரின் சொந்தக்காரர் சிக்கனம் செய்கிறார். அதன் விலையைக் கொடுப்பவர் வளைவில் பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் தோட்டத் தொழிலாளியாகவும் இருக்கலாம்.

இதற்கு இரு மறுப்புகள் கூறப்படுகின்றன. ஒன்று, பழங்கார் விரும்பிகளுடையது: ஆலையிலிருந்து வந்த மூல உறுப்பைக் காப்பதே பேணுதல் என்பர். உலோகத்துக்கும் மரத்துக்கும் இவ்வாதம் பொருந்தலாம், இறப்பருக்குப் பொருந்தாது. காரை ஆக்கியோரே இறப்பரை மாற்றப்பட வேண்டிய பொருளாகவே கருதினர். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பிரிக்கப்படாத பழைய பெட்டியோடு ஓர் உறுப்பு கிடைத்துவிட்டால் புதையல் கண்டதாகக் கொண்டாடுகின்றனர். பெட்டிக்குள் இருந்தாலும் இறப்பருக்கு வயது ஏறும். ஐம்பதாண்டு பிரிக்கப்படாத பெட்டியில் ஐம்பதாண்டுக் கிழமே இருக்கும்.

மற்றது விலை பற்றிய மறுப்பு. இதனை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. பழைய கார் வைத்திருப்போர் எல்லாரும் செல்வர் அல்லர். கடல் கடந்து வரும் உறுப்பு மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கேட்கின்றது. மிதிக்கட்டை உறை, பின்விளக்கு வளையம் ஆகியவற்றுக்கும், இன்னும் வெடிக்காத கதவு இறப்பருக்கும் கிளிசரினோ சிலிக்கன் பசையோ தடவிச் சில காலம் ஓட்டுவதை யாரும் தடுக்கவேண்டியதில்லை. பிறேக் கப், பிறேக் குழாய், எரிபொருட் குழாய், ஸ்டியரிங் இணைப்புகள், சஸ்பென்சன் புஷ்கள் ஆகியவற்றிலோ இளக்குதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவை மாற்றப்படல் வேண்டும். பிறேக் கப்பை அறிந்த உற்பத்தியாளரிடமிருந்தே பெறல் வேண்டும்.

ஆனால் அந்த விலை ஏன் அவ்வாறு இருக்கின்றது? 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கியூவுக்குக் கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 விதைகளிலிருந்து முளைத்தவற்றுள், 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. நமது பல்கலைக்கழகத்துக்கு அயலிலுள்ள பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்சின் பொறுப்பில், கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. கடுகண்ணாவையைக் கடந்து இறங்கினால் கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டங்கள் எதிர்ப்படும். விடியற்காலையில் அங்கு பால் வெட்டும் கைகளுள் தமிழ்த் தொழிலாளரின் கைகளும் உள. அந்நிலத்தின் இறப்பர் மூலப்பொருளாய்க் கப்பலேற, பேராதனையிலுள்ள ஒருவர் தம் மொரிஸ் மைனரின் கண்ணாடி இறப்பருக்கு இங்கிலாந்துக்கு எழுதுகின்றார்! காலனித்துவப் பொருளாதாரத்தை விரிவுரை மண்டபத்தில் விளக்க இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

நம்மால் இயலாது என்பதும் பொய். சக்கரங்களுக்கான திண்ம இறப்பர் ரயர்களையும் கையுறைகளையும் இந்நாட்டு ஆலைகள் உலகுக்கு விற்கின்றன. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், 1990களில் இங்குள்ள பங்காளரோடு சேர்ந்து அக்காரின் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்வித்தார். கதவு இறப்பர், கண்ணாடி இறப்பர், புஷ், எஞ்சின் தாங்கி ஆகியவற்றுக்கு வேண்டுவன யாவை? புகையூட்டிய இறப்பர்த் தாள், கந்தகம், நாகவொட்சைட்டு, ஸ்தியரிக் அமிலம், ஊக்கி, காபன் கரி, ஓசோனைத் தாங்கும் சேர்க்கை, இரு உருளைகள் கொண்ட கலவைப் பொறி, ஓர் அழுத்தி, ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பம். அச்சு வெட்டுவதற்கே செலவு அதிகம். ஒருவர் தனியே ஓர் அச்சுக்குச் செலவிட்டால் கட்டுப்படியாகாது. கண்டியிலும் குருநாகலிலும் ஒரே வகைக் கார் வைத்திருக்கும் ஐம்பது பேர் அச்செலவைப் பகிர்ந்தால், மண்ணெண்ணெய்ப் போத்தலை நாடும் தேவை எவர்க்கும் இராது. கலவையின் அளவையும் கடினத்தையும் சோதித்துச் சொல்ல இரசாயனம் பயிலும் மாணவர் நம்மிடையே உளர். அச்சோதனைகளை முதலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கராஜ்களில் தொழில் செய்வோரின் கைக்குக் கொடுக்கட்டும்.