வேர் தமிழ் மண்ணில், நிழல் இந்திக்கா?

வேலை கொடுப்பவன் கூறும் அறிவுரை வெறும் அறிவுரை அன்று. வேலை கேட்டு வாயிலில் நிற்பவன் காதில் அது ஆணையாகவே விழும். ஊர்ப் பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து, "இந்தி படித்துவைத்தால் நல்லது" என்று கூறினால், கேட்பவன் கேட்கலாம், கேளாதும் போகலாம். பல்லாயிரவர்க்குச் சம்பளம் அளக்கும் கை அதே சொல்லை எழுதுமானால், அச்சொல்லின் பின்னே வேலைவாய்ப்பு என்னும் கோல் மறைந்து நிற்கிறது.

2025 (தி.பி. 2056) பிப்ரவரித் திங்களின் இறுதியில் அத்தகைய சொல் ஒன்று பிறந்தது. சோகோ என்னும் மென்பொருள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் தலையாயவராகிய சிரீதர் வேம்பு, எக்சு என்னும் வலைத்தளத்தில் தமிழர்க்கு ஓர் அறிவுரை வழங்கினார். தம் நிறுவனத்தின் வணிகம் மும்பையையும் தில்லியையும் குசராத்தையும் பெரிதும் சார்ந்துள்ளதாம்; தமிழகச் சிற்றூர்களில் இருக்கும் பொறியாளர்க்கு இந்தி தெரியாமை பெருங்குறையாக உள்ளதாம்; ஆகவே அரசியலை ஒதுக்கிவிட்டுத் தமிழர் இந்தி கற்பதே அறிவுடைமையாம்.

அரசியலை ஒதுக்கிவிட வேண்டுமாம்! அவர் எழுதிய காலம் எது? மும்மொழித் திட்டத்தை உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கையைத் தமிழகம் ஏற்கவில்லை என்பதற்காக, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய 2,152 கோடி உருபாவை நடுவணரசு நிறுத்திவைத்திருந்த காலம். அதனைத் தில்லிக் கல்வியமைச்சர் வெளிப்படையாகவே கூறி இரண்டு கிழமைகூட முழுதாகக் கழியவில்லை. ஒருவன் பிள்ளையின் சோற்றுத்தட்டை ஒருவர் பிடித்திழுத்துக்கொண்டிருக்கும்போது, இன்னொருவர் வந்து, "சண்டை எதற்கு, அவர் சொல்வதைத்தான் கேளேன்" என்றால், அது அரசியலை ஒதுக்கியதாகுமா? இழுக்கும் கைக்கு வலுச் சேர்த்ததாகுமா?

பாராட்டத் தக்கவை

பகைக்காகக் குறை கூறுவது தமிழர் இயல்பன்று. பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டுவோர்க்கே பழிக்கும் தகுதியும் உண்டு.

சிரீதர் வேம்பு எளிய மாந்தர் அல்லர். 1996இல் தோன்றி, 2009இல் சோகோ எனப் பெயர் பெற்ற அந்நிறுவனத்தை, பிறர் முதலீட்டுக்குக் கையேந்தாமல், ஈட்டிய பணத்தைக்கொண்டே வளர்த்தவர். பட்டம் பெற்றவனுக்கே வேலை என்னும் மூடநம்பிக்கையை உடைத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஏழைப் பிள்ளைகளைத் தேடியெடுத்து, பயிற்சிக் காலத்திலேயே பணமும் கொடுத்து, மென்பொருள் வல்லுநராக்கும் பள்ளியை ஏறத்தாழ இருபதாண்டுகட்கு முன்பே தொடங்கினார். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்தார். 2019இல் தாமே அங்குக் குடியேறினார். 2021இல் தாமரைத்திரு (பத்மசிறீ) விருது பெற்றார். 2025 சனவரியில் தலைமைச் செயலாளுநர் பொறுப்பை விடுத்துத் தலைமை ஆராய்ச்சியாளராக அமர்ந்தார்.

இவற்றுள் ஊடாடி நிற்கும் தலைமைப் பண்பு யாது? அதுதான் எண்ணத்தக்கது. "பட்டம் வாங்கி வா" என்று பிள்ளைகளை அவர் விரட்டவில்லை. பட்டம் கேட்கும் வழக்கத்தையே தம் நிறுவனத்திலிருந்து விரட்டினார். "ஊரை விட்டுச் சென்னைக்கு வா" என்று இளைஞரை இழுக்கவில்லை; அலுவலகத்தையே ஊருக்குக் கொண்டுசென்றார். நிறுவனத்திற்கேற்ப மக்களை வளைக்காமல், மக்களுக்கேற்ப நிறுவனத்தை வளைத்தார். இதுவே அவர் பெருமை. இதுவே அவர் வெற்றியின் கமுக்கம்.

மொழி என்று வந்தவுடன் இந்நெறி எங்கே போயிற்று?

மலையும் பொறியும்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலைத் தொடர்வண்டியை அறியாதார் இலர். குன்னூர் வரையில் அவ்விருப்புவழி திறக்கப்பட்ட ஆண்டு 1899. கல்லாற்றுக்கு அப்பால், பன்னிரண்டு அடி செல்வதற்குள் ஓரடி உயரும் அளவிற்கு மலை செங்குத்தாகிறது. இயல்பான உருளைகள் அங்கே வழுக்கும். பொறியாளர் என் செய்தனர்? மலையைத் தாழ்ந்துகொடுக்கச் சொல்லவில்லை. இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்தனர். அதில் கவ்வி ஏறும் பல்லுருளையைப் பொறியில் பொருத்தினர். வண்டி ஏறிற்று. பொறியியல் என்பதே இதுதான். இருப்பதற்கேற்பக் கருவியைச் செய்வது பொறியியல். கருவிக்கேற்ப இருப்பதை அழிப்பது சோம்பல்.

கொங்கு நாட்டின் தொழில் வரலாறும் இந்நெறியையே காட்டும். கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்து, ‘ஜி.டி. நாயுடு’ என்று நாடறிந்த கோபால்சாமி துரைசாமியார் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஓர் ஈருருளி வண்டியை வாங்கி, அதனைக் கழற்றிப் பூட்டியே தொழில் கற்றவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொடங்கியவர், 1937இல் பாலசுந்தரனாருடன் இணைந்து பீளமேட்டில் இந்நாட்டின் முதல் மின்னோடியை (மோட்டாரை) உருவாக்கினார். 1945இல் கோவையில் பொறியியற் கல்லூரி தோன்றியபோது முதல்வராய் அமர்ந்தவர், நான்காண்டுப் படிப்பு காலக்கொலை என்றும், குறுகிய காலத்தில் தொழிலைக் கற்பித்துவிடலாம் என்றும் வாதிட்டார். அரசு இணங்கவில்லை, அவர் பதவியை உதறினார். பிள்ளையின் காலத்தைத் தின்னும் சுமையை ஏற்கமாட்டேன் என்றது அவர் தலைமை.

சிரீதர் வேம்பு இந்த வழித்தோன்றலாய் நிற்கத் தக்கவரே. பட்டச் சுமையைப் பிள்ளைகள் தோளிலிருந்து இறக்கிய அதே கை, இந்திச் சுமையைத் தூக்கி வைக்கிறதே என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

மண்டி கற்பிக்கும் பாடம்

"வணிகத்திற்கு இந்தி வேண்டாவா?" என்று வினவுவோர் மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டிக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். நீலமலைக் கிழங்கு இங்கே இறங்குகிறது. கோலாரிலிருந்து வருகிறது, குசராத்திலிருந்தும் வருகிறது. மூட்டை மூட்டையாகக் கேரளத்திற்குப் போகிறது. வேற்றுமொழிக்காரரோடு பேசவேண்டிய மண்டிக்காரர் பேசுமளவிற்குக் கற்றுக்கொள்கிறார். கணக்கு எழுதுபவர் ஒருவர் இரு மொழி அறிந்திருப்பார், அவர் போதும். மூட்டை தூக்கும் தொழிலாளியும், மலைச்சரிவில் கிழங்கு தோண்டும் பெண்ணும், காரமடைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையும் மலையாளமும் கன்னடமும் குசராத்தியும் கற்கவேண்டும் என்று எந்த மண்டிக்காரராவது அறிவுரை கூறியதுண்டா? கூறினால் ஊர் சிரிக்காதா?

வணிகனின் தேவையை வணிகன் சுமக்கிறான். அதற்கான செலவையும் அவனே ஏற்கிறான். இதுவே சந்தையின் அறம். கோவை நீரேற்றிகள் (பம்புகள்) வடநாட்டு வயல்களில் தண்ணீர் இறைக்கின்றன. திருப்பூர்ப் பின்னலாடைகள் அமெரிக்கர், ஐரோப்பியர் உடலை மூடுகின்றன. அதற்காகத் திருப்பூர்ப் பிள்ளைகள் எல்லாரும் செருமனும் பிரெஞ்சும் கற்றார்களா?

சோகோவிற்குத் தில்லியில் பேச ஆள் வேண்டுமா? நூறு பேர்க்கு இந்தி கற்பிக்கட்டும். இந்தி அறிந்தாரை அமர்த்தட்டும். மொழிபெயர்ப்பாளர்க்குச் சம்பளம் கொடுக்கட்டும். யார் தடுத்தார்? விரும்பிக் கற்பவனைத் தமிழகத்தில் ஒருபோதும் ஒருவரும் தடுத்ததில்லை. ஒரு நிறுவனத்தின் விற்பனைத் தேவையை ஓரினத்தின் கடமையாக மாற்றும் வேலையைத்தான் தடுக்கவேண்டியுள்ளது.

அவர் சொல்லே அவர்க்கு எதிர்

2024 நவம்பரில் இதே சிரீதர் வேம்பு, பெங்களூரில் குடியேறி வாழ்வோர் கன்னடம் கற்கவேண்டும் என்றும், பல்லாண்டு வாழ்ந்தும் கற்காமை மதிப்பற்ற செயல் என்றும் எழுதினார். சென்னைக்கு வரும் வெளிமாநில ஊழியரைத் தமிழ் கற்க வேண்டுவதாகவும் கூறினார். பொன்னான சொல்! வந்து வாழ்பவன் அந்த மண்ணின் மொழியைக் கற்கவேண்டும். அவ்வாறாயின், தில்லிக்குப் போய் வாழும் தமிழன் இந்தி கற்கட்டும். தென்காசியிலும் மேட்டுப்பாளையத்திலும் தன் மண்ணிலேயே வாழ்பவன் எதற்காகக் கற்கவேண்டும்? மூன்று திங்களில் அந்நெறி எப்படித் தலைகீழாயிற்று?

அவர் சுட்டிய இடங்களையே எண்ணிப்பாருங்கள். குசராத்தின் மொழி குசராத்தி. மும்பை மண்ணின் மொழி மராத்தி. அந்த மராத்திய மண்ணில், ஒன்றாம் வகுப்பிலிருந்தே இந்தியைப் புகுத்தும் ஆணையை அரசு 2025இல் பிறப்பித்து, மக்கள் எதிர்ப்புக்கு அஞ்சிச் சூன் 29ஆம் நாள் திரும்பப் பெற்றது. மராத்தியனே வேண்டா என்றதைத் தமிழன் மராத்தியனுக்காகக் கற்க வேண்டுமாம்!

இன்னொன்றையும் அவரே ஒப்பினார். ஐந்தாண்டு முயன்று இந்தியைத் தட்டுத்தடுமாறிப் படிப்பதாகவும், பேசும் இந்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பங்கே புரிவதாகவும் எழுதினார். அவ்வாறாயின், ஆயிரக்கணக்கான கோடி வணிகத்தைக் கட்டியெழுப்பியது எந்த மொழியறிவு? இந்தி அறியாமலேயே மலையேறியவர், ஏறி முடித்தபின் கீழே நிற்பாரைப் பார்த்து, "இந்தியின்றி ஏற இயலாது" என்கிறார்!

‘அரட்டை’ தந்த விடை

காலமே அவர்க்கு விடை தந்தது. சோகோ 2021இல் வெளியிட்ட செய்திச் செயலிக்குப் பெயர் ‘அரட்டை’. தூய தமிழ்ச்சொல். 2025 செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் அது வடநாடெங்கும் பரவிற்று. தில்லி அமைச்சர்களே அதன் பெயரைச் சொல்லிப் பரிந்துரைத்தனர். றகர ழகரம் அறியாத நாக்குகளும் தமிழ்ச் சொல்லைச் சொல்லப் பழகின. சரக்கு நன்றாயின் வாங்குவோன் விற்பவன் சொல்லைக் கற்பான். சப்பானியரும் கொரியரும் உலகிற்குக் காட்டிய உண்மை இதுவே. அந்த உண்மைக்குச் சான்றைத் தம் கையாலேயே செய்தவர், அதனை நம்ப மறுப்பது ஏன்?

மாறாக நடப்பது என்ன? 2025 சூலையில் சோகோ தன் செயற்கை அறிவு மொழியமைப்பை வெளியிட்டபோது, பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் முதலில் ஆங்கிலத்திற்கும் இந்திக்குமே வந்தன. தமிழ் மண்ணில் வேர்விட்டு, தமிழ்ப் பிள்ளைகளின் மூளையில் கிளைத்த மரம், முதல் நிழலை யாருக்கு விரித்தது? வணிகக் கணக்கு அதுவானால் அதனைச் சொல்லட்டும். ஆனால் மொழித்தடையைப் பொறியால் தகர்க்கும் ஆற்றல் கையில் இருக்க, அத்தடையைப் பிள்ளைகளின் பாடச் சுமையால் தகர்க்கச் சொல்வது எவ்வகைத் தொலைநோக்கு? பற்சட்டம் செய்யத் தெரிந்தவர், மலையைக் குனியச் சொல்வதா?

கொங்கு முதலாளிகட்கும் ஒரு சொல்

சிரீதர் வேம்பு வாய்விட்டுச் சொன்னார். சொல்லாமலே செய்வோர் கொங்கு நாட்டில் எத்தனை பேர்! வார்ப்பகங்களிலும் நூலாலைகளிலும் பின்னலகங்களிலும் வேலை செய்ய வடமாநில ஏழைத் தொழிலாளர் வருகின்றனர். அவர்மீது தமிழர்க்குப் பகை இல்லை; வயிற்றுக்காக வந்தவர் அவர். ஆனால் அவர்க்கு நான்கு தமிழ்ச்சொல் கற்பிக்கச் சோம்பி, மேற்பார்வையாளர் இந்தி கற்றுக்கொள்ளும் கூத்து நடக்கிறது. தொழிலகப் பெயர் ஆங்கிலம். பொறியின் விளக்கத்தாள் ஆங்கிலம். தமிழ் உழவன் வாங்கும் நீரேற்றிப் பெட்டியின் மேல் தமிழ் எழுத்து எத்தனை? இங்கே தமிழை இறக்கிவைத்தவர்க்குத் தென்காசிக்காரரைக் குறைகூறும் தகுதி பாதிதான் உண்டு.

நாட்டின் முதல் மின்னோடி பிறந்த அதே பீளமேடுதான், 1965 இந்தி எதிர்ப்புப் போரில் நஞ்சுண்டு உயிரீகம் செய்த மாணவன் தண்டபாணியையும் தந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் பொள்ளாச்சித் தெருக்களில் துப்பாக்கிச் சூட்டில் தமிழர் மாண்டனர். கொங்கு மண் தொழிலையும் பெற்றது, மொழிமானத்தையும் பெற்றது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றிற்காக மற்றொன்றைக் கொல்லச் சொல்பவர் எவ்வளவு பெரிய அறிவாளரானாலும் அவர் சொல் கொள்ளத் தக்கதன்று.

பிள்ளைகளைப் பெற்றோரே! நாளை உங்கள் மகன் சோகோவில் வேலை பெறட்டும், சிறக்கட்டும். ஆனால் அந்த வேலைக்காக இந்தி என்று பள்ளி வாயிலில் எவரேனும் கேட்டால், "அவர் நிறுவனத்திற்கு வேண்டுமாயின் அவர் கற்பிக்கட்டும், எங்கள் பள்ளி எங்கள் மொழிக்கு" என்று துணிந்து சொல்லுங்கள்.

சிரீதர் வேம்புவிடம் தமிழகம் கேட்பது அருட்கொடை அன்று. அவரே காட்டிய நெறி. பட்டத்தை உடைத்தீர், நகரத்தை உடைத்தீர், இந்தித் தடையையும் அவ்வாறே உடையுங்கள். கருவியால் உடையுங்கள், பிள்ளைகளின் தோளால் அன்று. வேம்பு வேரூன்றிய மண்ணுக்கே முதல் நிழல் உரியது.