கிரீடம் இல்லாத ஊரின் மாளிகை

ராஜாவுக்குக் கிரீடம் இருக்கிறது. ராஜா இல்லாத ஊரில் அதிகாரத்துக்கு அடையாளம் எது?

17-ம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமை ஆண்டவர்கள் நான்கு நகரத் தலைவர்கள். பெரும்பாலும் வியாபாரக் குடும்பத்து மனிதர்கள். ஸ்பெயினுடன் நடந்த நீண்ட யுத்தம் 1648-ல் ஓய்ந்ததும், புதிய நகர மண்டபம் கட்டத் தொடங்கினார்கள். பூமியோ ஒரே சேறு! 13,659 மரக் கம்பங்களை அடித்து இறக்கி, அவற்றின்மேல் கட்டடத்தை எழுப்பினார்கள். 1655-ல் திறப்பு விழா நடந்தது.

வம்சப் பெருமை இல்லாவிட்டால் என்ன? கிரேக்கமும் ரோமாபுரியும் இருக்கின்றனவே! ரோமில் பயின்ற ஆண்ட்வெர்ப் சிற்பி ஆர்டஸ் குவெலினஸ், பழைய சிற்ப மரபைப் பளிங்கில் கொண்டுவந்து நிறுத்தினார்.

மரண தண்டனை கூறும் அறையைப் பாருங்கள். கிரேக்கக் கோயில்களில் தூணுக்குப் பதில் பெண் சிலைகள் நிற்பதுண்டு. இங்கும் நிற்கிறார்கள், ஆனால் அவமானத்தால் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு! அவர்களுக்கு நடுவே ஸலூக்கஸின் கதை. பிறர் மனைவியை நாடுகிறவனுக்கு இரு கண்களையும் பறிக்க வேண்டும் என்று சட்டம் போட்டவர் அவர். குற்றவாளியாக வந்து நின்றவனோ சொந்த மகன்! ஊரே மன்னிக்கச் சொல்லிக் கெஞ்சியது. என்ன செய்தார் தெரியுமா? மகனின் ஒரு கண்ணையும், தம்முடைய ஒரு கண்ணையும் கொடுத்தார். சட்டமும் பிழைத்தது, மகனுக்கும் ஒரு கண் மிஞ்சியது.

இந்தச் சிற்பம் குற்றவாளிக்கு மட்டுமல்ல, தீர்ப்புச் சொல்லுகிறவருக்கும்தான்.

திவாலானவர்களின் விவகாரங்களைக் கவனிக்கும் அறையின் வாசலில், மெழுகுச் சிறகுடன் சூரியனை நெருங்கி விழுந்த இக்காரஸைச் செதுக்கினார்கள். கூடவே காலிப் பெட்டி, கொறிக்கும் எலிகள்! அகலக் கால் வைக்காதே என்று இதைவிட எப்படிச் சொல்வது? 1656-ல் அந்த அலுவலகத்துக்கு வந்தது ஓவியர் ரெம்பிராண்டின் வழக்கு. அவருடைய சொத்துப் பட்டியலில் ஹோமர், சாக்ரடீஸ், ரோமானியச் சக்கரவர்த்திகள் ஆகியோரின் தலைச்சிலைகளும் இருந்தன. ஊரார் மண்டபத்தில் வைத்துப் போற்றிய பழமையை அவர் வீட்டிலேயே சேர்த்து வைத்திருந்தார். கடன் அவற்றையும் விட்டுவைக்கவில்லை.

1808-ல் நெப்போலியனின் தம்பி லூயி, ராஜாவாக இந்த மண்டபத்தில் குடியேறினார். கிரீடம் இல்லாதவர்கள் கட்டியது அரண்மனை ஆகிவிட்டது! இன்றும் அது அரண்மனைதான். ஆனால் ஸலூக்கஸ் இடம் பெயரவில்லை.

சட்டம் போடுகிறவர் அதைத் தாமும் சுமக்க வேண்டும். வீட்டில் சட்டம் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்று சொன்னால் கோபித்துக் கொள்ள மாட்டீர்களே?