சக்கரத்தின் மேல் ஓர் அடுப்பு

தோழ!

'கேரவன்' என்ற சொல் காதில் விழுந்ததும் உன் கண்முன் எது வந்து நிற்கும் என்பதை நானறிவேன். படப்பிடிப்புத் தளத்துக்கு வெளியே, வேப்பமர நிழலில், குளிரூட்டும் பொறி இரைய நிற்குமே, அந்த வெள்ளை வண்டி! உள்ளே நட்சத்திரம், வெளியே நாலு பேர் காவல். அந்த வண்டியைப் பற்றியதன்று இன்றைய மடல். ஒரு சின்ன எரிவாயு உருளையைப் பற்றி உன்னிடம் பேசப் போகிறேன்.

உருளையைப் பற்றி ஒரு மடலா, உலகில் வேறு செய்தியே இல்லையா என்று எண்ணிவிடாதே. உலை கொதித்தால்தானே ஊர் நடக்கிறது? அந்த உலைக்குக் கீழே எரிவது எது, அதற்கு எவன் என்ன விலை தருகிறான் என்பதைவிடப் பெரிய அரசியல் எது?

இங்கிலாந்திலே கேரவன் என்றால் காருக்குப் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு. இழுக்க வேண்டாது தானே ஓடும் வீட்டுக்குக் கேம்பர்வேன் என்று பெயர். படுக்க ஒரு கட்டில், கைகழுவ ஒரு தொட்டி, உலை வைக்க ஓர் அடுப்பு. விடுமுறைக்குக் கடற்கரை தேடிப் போவோரும் அதில் உண்டு. வாடகை கட்ட வழியற்று வண்டியையே வீடாக்கிக்கொண்டோரும் உண்டு. இருசாராருக்கும் அடுப்பெரிவது புட்டியில் அடைத்த எரிவாயுவால்தான்.

அந்த எரிவாயுவிலே இரு வகை. ஒன்று பியூட்டேன், மற்றொன்று புரொப்பேன். குளிர் உறைநிலையைத் தொட்டுவிட்டால் பியூட்டேன் ஆவியாக மறுத்து, உருளைக்குள்ளே திரவமாகவே கிடக்கும். குலுக்கினால் சலசலக்கும், திருகினால் எரியாது! புரொப்பேனோ சுழியத்துக்குக் கீழே 42 பாகை வரையில் தளராது. ஆகவே குளிர்காலத்தில் வண்டியில் வாழ்பவன் புரொப்பேனைத் தேடியாக வேண்டும். 1935-இல் தொடங்கிய காலர் நிறுவனத்தின் உருளைகளில் நீலம் பூசியது பியூட்டேன், சிவப்பு பூசியது புரொப்பேன். உருளை வாங்குவோனுக்குச் சொந்தமாவதில்லை. முன்பணம் கட்டி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. கடல் கடந்து பிரான்சு நாட்டுக்குப் போனால் அங்கே அதை மாற்றித் தருவாரில்லை. நாட்டுக்கொரு உருளை, உருளைக்கொரு வாய்! பல நாடுகளிலும் மாற்றக் கிடைக்கும் கேம்பிங்கேஸ் உருளையோ 2.75 கிலோதான் கொள்ளும்; கிலோ கணக்குப் பார்த்தால் பெரிய உருளையைவிட விலை அதிகம்.

அங்கும் அதே நீதிதான், பார்த்தாயா? எண்ணெயைப் பீப்பாயாக வாங்குபவனுக்கு ஒரு விலை; அரை ஆழாக்கு வாங்குபவளுக்கு வேறு விலை. சிறிதாக வாங்குபவனிடம் பெரிதாக வாங்குவது சந்தையின் பழைய வழக்கம்.

ஆயினும் அந்நாட்டிலே ஒன்றைக் கண்டேன், வியந்தேன். வீட்டு எரிபொருளுக்கு அங்கே மதிப்புக்கூட்டு வரி 5 விழுக்காடு. பொது வரியோ 20. கேரவனில் எரிவது வீட்டு எரிபொருளா, வேறா? வீடே என்கிறது அவர்களது வரிவிதி. கேரவனும் வீடு, படகு வீடும் வீடு! அது மட்டுமன்று. 50 கிலோவுக்குக் குறைந்த உருளைகளை 20 வரையில் வாங்குபவனிடம் எதற்கு என்று கேளாமலே 5 விழுக்காடு வரிதான். சிறிய அளவில் வாங்குபவனைச் சீமான் என்று கருத வேண்டாம் என்ற எளிய அறிவு! சக்கரம் இருப்பதாலேயே ஒருவனது அடுப்பு வீட்டு அடுப்பு அல்லாமல் போய்விடவில்லை.

இனி, இங்கே திரும்பு.

சக்கரத்தின் மேல் அடுப்பு நம்மிடம் இல்லையா? மாலை மயங்கியதும் தெருமுனைக்கு வருகிறதே தள்ளுவண்டி, அதில் என்ன இருக்கிறது? ஓர் இட்லிக் கொப்பரை, ஒரு தோசைக்கல், ஓர் அடுப்பு, அடியிலே ஓர் உருளை. கணவன் தள்ள, மனைவி மாவு ஊற்ற, பிள்ளை தட்டுக் கழுவ, ஒரு குடும்பமே அந்த நாலு சக்கரத்தின் மேல் உருண்டுகொண்டிருக்கிறது. இங்கிலாந்துக்காரன் உல்லாசத்துக்கு வண்டியேறினான், இவர்கள் வயிற்றுக்காக!

இவர்களுக்குச் சட்டம் தரும் உருளை எது? வீட்டுக்கென்று உள்ள 14.2 கிலோ உருளையைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாகாது. 19 கிலோ வணிக உருளைதான் வாங்க வேண்டும். 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது வீட்டு உருளைக்கு 5 விழுக்காடு. வணிக உருளைக்கு 18. ஆலை முதலாளி தான் கட்டிய வரியைக் கணக்கில் காட்டி ஈடுசெய்துகொள்வான். தள்ளுவண்டிக்காரன்? கட்டியது கட்டியதுதான்!

கணக்கைக் கேள். 2024 மார்ச்சில் வீட்டு உருளையின் விலையில் 100 ரூபாய் குறைத்தார்கள். அதன்பின் சென்னையில் அதன் விலை 818 ரூபாய் 50 காசு. அதே மாதம் அதே சென்னையில் 19 கிலோ உருளை 1,960 ரூபாய் 50 காசு. வகுத்துப் பார். வீட்டிலே எரிவது கிலோ ஏறத்தாழ 58 ரூபாய். வண்டியிலே எரிவது 103! 2022 மே மாதம் சென்னையில் வணிக உருளை 2,500 ரூபாயையும் தாண்டியது. வீட்டு விலையை அரசு தாங்கிப் பிடிக்கிறது, பிடிக்கட்டும், வேண்டாமென்பாரில்லை. வணிக உருளையோ வளைகுடாவின் விலைக்கும் டாலரின் ஆட்டத்துக்கும் ஏற்ப, பெரும்பாலும் மாதம் பிறந்தால் விலை மாறும். வளைகுடாவில் எவனோ தும்மினால் வடசென்னையின் இட்லி வண்டிக்குக் காய்ச்சல்!

5 கிலோ உருளை இருக்கிறதே என்பாய். இருக்கிறது. 2013-இல் பெட்ரோல் நிலையங்களிலே விற்கத் தொடங்கினார்கள். முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை ஒன்று போதும். நல்ல ஏற்பாடு. 2021-இல் உஜ்வாலா திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலே, புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பம் தன் முகவரியைத் தானே எழுதித் தந்தால் போதும் என்றார்கள். அதையும் பாராட்டுவோம், நல்லதை நல்லதென்று சொல்ல நமக்கு நாக்கூச்சம் இல்லை. ஆனால் முகவரி கேளாது விற்கும் அந்தச் சிறு உருளை சந்தை விலைக்கே விற்கிறது. முகவரி இல்லாதவனுக்கு மானியமும் இல்லை!

நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் நாடகக் குழு ஊர் ஊராகப் போகும்போது வண்டியிலேயே அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை. ஓரூரில் ஆட்டம் முடிந்து வேடம் கலைக்கும் வேளையில் உருளை தீர்ந்தது. பதினேழு வயிறுகள் காத்திருக்கின்றன. விற்பனையாளர் ஒருவரிடம் போனோம். "உங்கள் உருளை வேறு நிறுவனத்துடையது, மாற்ற முடியாது" என்றார். முறைதான். பின்வாசலில் நின்ற ஒருவர் மெல்ல அழைத்தார். பெரிய உருளையைத் தலைகீழாக்கி, குழாய் செருகி, சின்ன உருளையில் நிரப்பித் தருவதாகச் சொன்னார். அப்படி நிரப்புவது சட்டத்துக்கு விரோதம், உயிருக்கும் விரோதம். பக்கத்திலே ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்! அன்று அரச வேடம் போட்டவர் முதல் அரிதாரம் அரைத்தவர் வரை வாழைப்பழம் தின்று படுத்தோம். எங்களுக்கு ஓர் இரவு. அன்றாடம் அடுப்பெரித்தால்தான் அரிசி என்றிருப்பவனால் அந்தப் பின்வாசலுக்குப் போகாமல் இருக்க முடியுமா?

பயணத்தில் எடுத்துச் செல்லும் உருளை என்ன செய்யும் என்பதை மதுரை அறியும். 2023 ஆகஸ்டு 26, விடியற்காலை. லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று மதுரை நிலையத்தருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே முதியவர்கள், தலங்களை வணங்க வந்தவர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்டிருந்த உருளையில் தேநீர் போட முனைந்தபோது தீ. ஒன்பது உயிர்கள்! ஒரு குவளைத் தேநீருக்கு ஒன்பது உயிர்களா, தோழ? ஓடும் இரயிலில் உருளை கூடாது என்ற விதியை நான் குறை கூறவில்லை. அது இன்னும் இறுக வேண்டும். ஆனால் பயணிக்கும் மனிதனுக்கும் பசி உண்டு, அவனது அடுப்புக்கும் ஒரு முறையான வழி வேண்டும் என்பதை எண்ணாமல், தடையை மட்டும் எழுதி வைத்தால், தடைக்கு அடியிலே உருளை ஒளிந்துகொள்ளும்.

"வணிகம் செய்கிறவனுக்கு எதற்குச் சலுகை? அப்புறம் ஐந்து நட்சத்திர விடுதியும் வந்து நிற்குமே!" என்று கேட்பார்கள் கணக்கு வல்லவர்கள். நிற்காது. தெருவோர வணிகர் சட்டம் 2014-இல் வந்தது. கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும் என்று அதுவே சொல்கிறது. அந்தச் சான்றிதழ் உள்ளவனுக்கு, மாதத்துக்கு இத்தனை உருளை என்று வரம்பு கட்டி, வீட்டு வரியான 5 விழுக்காட்டிலே கொடு. ஐந்து நட்சத்திர விடுதி அந்தச் சான்றிதழுக்கு எங்கே போகும்?

நமது கோரிக்கைகள் மூன்று. சான்றிதழ் பெற்ற வண்டிக்கடையின் உருளைக்கு வீட்டு உருளையின் வரி. முகவரியற்றோர் வாங்கும் 5 கிலோ உருளைக்கு, கிலோ கணக்கிலே வீட்டு உருளையின் விலை. எந்த நிறுவனத்தின் சிறு உருளையானாலும் எந்த விற்பனையாளரிடமும் மாற்றிக்கொள்ளும் உரிமை.

கோரிக்கை எழுதிவிட்டு உறங்கும் வழக்கம் நமக்கில்லை. இந்த வாரம் உன் தெருமுனை வண்டியண்டை போ. இரண்டு இட்லி வாங்கு. காசு கொடுத்து வாங்கு! அடியிலே இருக்கும் உருளையைப் பார். ரப்பர் குழாய் வெடித்திருந்தால் மாற்றச் சொல். பின்வாசல் நிரப்பல் வேண்டாம், அடையாள அட்டை காட்டினால் 5 கிலோ உருளை கிடைக்கும் என்பதை எடுத்துச் சொல். விற்பனைச் சான்றிதழ் இல்லையென்றால் விண்ணப்பம் எழுதிக் கொடு. நகராட்சி வாசல்வரை கூடப் போ. இத்தனை வண்டிகள், இத்தனை குடும்பங்கள் என்று குறித்து வா. அந்தக் கணக்கை மன்றத்திலே எடுத்து வைப்போம்.

சுவருள்ள வீட்டில் எரிந்தால் அடுப்பு, சக்கரத்தின் மேல் எரிந்தால் ஆடம்பரமா? இந்தக் கேள்வியை ஊர் கேட்கும்வரை நாம் கேட்போம்.