அடுத்த வீட்டுப் பட்டாசு



2015ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதி. காஞ்சியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. மழைக் காலத்தில் தெருவில் பாவு நீட்ட முடியாது. பிள்ளையார்பாளையத்தில் பல தறிகள் ஓய்ந்திருக்கும். தேநீர்க் கடைப் பெஞ்சில் நானும், முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள நெசவாளர் ஒருவரும் அமர்ந்திருந்தோம். நாளிதழை விரித்திருந்த அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பாய், பீகாரில் ஓட்டு மாறி விழுந்தால் பாகிஸ்தானில் பட்டாசு வெடிப்பார்களாமே? நமக்குத் தீபாவளிக்கே இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறது!"

நானும் சிரித்தேன். அக்டோபர் 29 அன்று பீகாரின் ரக்சௌல் நகரில் பா.ஜ.க. தலைவராக இருந்த திரு. அமித் ஷா பேசிய பேச்சுதான் அன்றைய செய்தி. தம் கட்சி தோற்றால் பாகிஸ்தானில் பட்டாசு வெடிக்கும் என்பது அதன் சாரம். நண்பர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "இதில் கூலியைப் பற்றியோ சரிகை விலையைப் பற்றியோ ஒரு வரியும் காணோம்" என்று சொல்லி எழுந்து போனார்.

அன்றிரவு எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் கேட்ட கேள்விக்குத்தான் என்னால் சிரிக்க முடியவில்லை. "அத்தா, நாம் போடும் ஓட்டைப் பார்த்து வேறு நாட்டில் யாரோ சந்தோஷப்பட்டால், அது நம்முடைய குற்றமா?" வகுப்பில் யாரோ அவளிடம் விளையாட்டாகக் கேட்டிருக்கிறார்கள். விளையாட்டுதான். ஆனால் நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் அந்தக் கேள்வி அவளிடம் மட்டுமே கேட்கப்பட்டது.

அவளுக்கு அன்று நான் முழுமையான பதில் சொல்லவில்லை. அதன்பின் நடந்த தேர்தல்களைக் கவனித்தபோது பதில் சிறிது சிறிதாகத் தெளிவாயிற்று.

பீகார் முடிவு 2015 நவம்பர் 8 அன்று வெளியாயிற்று. 243 இடங்களில் 178 இடங்களை எதிரணி வென்றது. அங்கே பட்டாசு வெடித்ததோ இல்லையோ, ஏழு வாரம் கழிவதற்குள், டிசம்பர் 25 அன்று, நம் பிரதமர் மோடி அவர்களே லாகூரில் இறங்கிப் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீபைச் சந்தித்தார். அண்டை நாட்டோடு பேச முயன்றது தவறென்று நாம் சொல்லவில்லை. அது நல்ல முயற்சியே. ஆனால் அக்டோபரில் வாக்காளரை அச்சுறுத்தப் பயன்பட்ட பெயர், டிசம்பரில் விருந்தோம்பும் வீடாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

2017 டிசம்பரில் குஜராத் தேர்தல் வந்தது. பாகிஸ்தானின் முன்னாள் இராணுவ அதிகாரி ஒருவர், அகமது படேல் முதலமைச்சராக வேண்டும் என விரும்புவது ஏன் என்று பிரதமர் மேடையில் கேட்டார். மணிசங்கர் ஐயர் இல்லத்தில் நடந்த விருந்தொன்றும் சர்ச்சைக்குள்ளாயிற்று. அதில் கலந்துகொண்டவர்களில் முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்கும் முன்னாள் குடியரசுத் துணைத் தலைவர் ஹமீது அன்சாரியும் இருந்தனர். வாக்கு எண்ணிக்கை டிசம்பர் 18 அன்று முடிந்தது. டிசம்பர் 27 அன்று மாநிலங்களவையில் அமைச்சர் அருண் ஜெட்லி, அவ்விருவரின் நாட்டுப்பற்றைப் பிரதமர் ஐயுறவில்லை என்று விளக்கமளித்தார். ஐயம் மேடையிலே ஒலித்தது. விளக்கம் தேர்தல் முடிந்த பின்னர் அவையிலே வந்தது. மேடைப் பேச்சைக் கேட்ட இலட்சம் பேரில் எத்தனை பேர் அவ்விளக்கத்தைப் படித்திருப்பார்கள்?

ஒரு கட்சியை மட்டும் குறை சொன்னால் அது நியாயமாகாது. 2019 ஏப்ரலில், முதற்கட்ட வாக்குப்பதிவுக்கு இரண்டொரு நாள் முன்பு, பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் பேசினார். பா.ஜ.க. மீண்டும் வென்றால் காஷ்மீர் குறித்து ஒரு தீர்வு காண வாய்ப்பு உண்டு என்பது அவர் கருத்து. உடனே காங்கிரஸ் தரப்பு, மோடிக்கு இடும் வாக்குப் பாகிஸ்தானுக்கு இடும் வாக்கு என முழங்கியது. நேற்று வரை கண்டித்த அதே ஆயுதத்தைக் கைக்கு வந்ததும் தானும் வீசியது. ஆளுங்கட்சியோ, இது காங்கிரசின் சூழ்ச்சியாகக்கூட இருக்கலாம் என்றது. மே மாதம் பா.ஜ.க. 303 இடங்களில் வென்றது. ஆகஸ்ட் 5 அன்று காஷ்மீருக்கான சிறப்புத் தகுதி நீக்கப்பட்டது. இம்ரான் கானின் கணிப்பு நான்கு மாதம்கூட நிற்கவில்லை. நம் நாட்டைப் பற்றி அவருக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நாம் இங்கே ஒருவரையொருவர் துரோகி என்று ஏசிக்கொண்டோம்.

2024 மே மாதத்தில் மீண்டும் அதே காட்சி. பாகிஸ்தானின் முன்னாள் அமைச்சர் ஃபவாத் சௌத்ரி, ராகுல் காந்தியின் பேச்சைப் பாராட்டிச் சமூக வலைத்தளத்தில் ஒரு வரி எழுதினார். மறுநாளே குஜராத்தின் ஆனந்த் நகரில் அது பிரதமரின் பேச்சுப் பொருளாயிற்று. பதவியிழந்த ஒருவர் விரலசைவில் எழுதிய வரி, கோடிக்கணக்கான மக்களின் தேர்தலில் ஒரு நாள் விவாதத்தை விழுங்கிவிட்டது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. 1924இல் பிரிட்டனில் தேர்தலுக்கு நான்கு நாள்களுக்கு முன், சோவியத் தலைவர்களில் ஒருவரான ஜினோவியெவ் எழுதியதாக ஒரு கடிதத்தை டெய்லி மெயில் நாளிதழ் வெளியிட்டது. தொழிற்கட்சி அரசால் பொதுவுடைமையாளருக்கு ஆதாயம் என்ற அச்சத்தை அது கிளப்பியது. தொழிற்கட்சி தோற்றது. அக்கடிதம் போலி என்பதே பின்னர் ஆய்ந்தோரின் முடிவு. எதிரி பேசாவிட்டால் எதிரிக்காகப் பேசவும் ஆள் கிடைப்பார்கள் என்பதற்கு அது சான்று.

இந்தத் தந்திரம் எப்படி வேலை செய்கிறது? எதிரி ஒருவரைப் புகழ்ந்தால், "பார், அவர்களுடைய ஆள்" என்கிறோம். எதிரி ஒருவரை ஏசினால், "பார், அவரைக் கண்டு நடுங்குகிறார்கள்" என்கிறோம். எப்படிப் பேசினாலும் நம் சௌகரியப்படி பொருள் கொள்ளலாம். ஆகவே அதனால் உண்மை எதுவும் தெரிவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லாத ஒருவருக்கு நம் விவாதத்தில் தலைமை இருக்கை தருகிறோம் என்பதே மிச்சம். அவருக்கும் இது தெரியும். எந்தச் சொல்லால் நம் வீட்டில் சண்டை மூளும் என்று கணக்கிட்டே அவர் பேசவும் கூடும்.

பகைநாட்டை எந்த அரசு திறம்பட எதிர்கொள்ளும் என்று கேட்பது தவறா என்று சிலர் வினவலாம். தவறே அல்ல. எல்லைக் காவல், இராணுவச் செலவு, பயங்கரவாதத் தடுப்பு ஆகிய அனைத்தும் வாக்காளர் கேட்க வேண்டிய கேள்விகள். அந்நிய நாடு தேர்தலில் தலையிட்டதற்குச் சான்று இருந்தால் அதை விசாரிக்க அமைப்புகள் உள்ளன. கொள்கையையும் கடந்தகாலச் செயல்பாட்டையும் விமர்சியுங்கள், சரிபார்க்கப்படாத குற்றச்சாட்டை வீசாதீர்கள் என்றுதான் தேர்தல் நடத்தை விதிகளும் கூறுகின்றன. "நீ என்ன செய்வாய்?" என்பது கேள்வி. "உன்னைக் கண்டு அவன் ஏன் சிரித்தான்?" என்பது கேள்வியன்று.

நம் காஞ்சி மண்ணுக்கே இதில் ஓர் அனுபவம் உண்டு. இவ்வூரில் பிறந்த அறிஞர் அண்ணா 1962 தேர்தலில் இவ்வூரிலேயே தோற்று, மாநிலங்களவைக்குச் சென்று, மே மாதத்தில் திராவிட நாட்டுக் கோரிக்கையை அங்கே எடுத்துரைத்தார். அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று சீனப் படையெடுப்பு. அப்போது வந்தது சொல்லன்று, படை. அண்ணா போர் முயற்சிக்கு ஆதரவளித்தார். பிரிவினைத் தடைச் சட்டமும் வந்த 1963இல் தி.மு.க. தன் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. வீடு இருந்தால்தானே ஓடு மாற்றலாம் என்ற பொருள்பட அவர் தந்த விளக்கம் இன்றும் இவ்வூரார் வாயில் வழங்குகிறது. ஆனால் நாட்டுப்பற்று என்ற பெயரில் அவர் வாய்மூடிவிடவில்லை. அரிசிக்காகவும் மொழிக்காகவும் பேசிக்கொண்டே இருந்தார். 1967இல் தமிழக மக்கள் அவரிடம் ஆட்சியை ஒப்படைத்தனர்.

அந்த 1967 கூட்டணியில் உடனிருந்தவர் நம் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப். சீனப் போரின்போது தம் மகனைப் போர்முனைக்கு அனுப்ப ஆயத்தம் என அவர் அறிவித்ததை நம் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். அது அன்பினால் வந்த சொல். ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு முஸ்லிம் பிள்ளையும் நீட்டிக் காட்ட வேண்டிய சான்றிதழாக அதை ஆக்கிவிடலாகாது.

நாம் செய்ய வேண்டியது என்ன? அந்நியத் தலைவர் நம் தேர்தலைப் பற்றிப் பேசிய காணொளி கைப்பேசிக்கு வந்தால், அவர் நமக்குப் பிடித்த கருத்தையே சொல்லியிருந்தாலும், அதைப் பிறருக்கு அனுப்ப வேண்டாம். ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்து வருந்த நேரும் என்ற கருத்தைச் சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கிறது. அக்கட்டளை தேர்தல் காலத்திற்கும் பொருந்தும்.

பிள்ளைகளுக்கு ஒரு பதிலையும் கற்றுக்கொடுப்போம். 2020 ஜனவரி இறுதியில், டெல்லித் தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன், அதே ஃபவாத் சௌத்ரி, அப்போது அமைச்சராக இருந்தவர், மோடியைத் தோற்கடியுங்கள் என்று எழுதினார். மோடியை எதிர்த்துக் களத்தில் நின்ற முதலமைச்சர் கெஜ்ரிவால், அவர் எனக்கும் பிரதமர்தான், தேர்தல் எங்கள் உள்நாட்டு விவகாரம், நீர் தலையிட வேண்டாம் எனப் பதிலிறுத்தார். எதிர்ப்பையும் விடவில்லை, வீட்டையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது என் மகளுக்குச் சொல்லும் பதில் இதுதான்: "குற்றம் இல்லையம்மா. சிரிப்பவன் சிரிப்புக்கு நீ பொறுப்பில்லை. உன் தெருவின் சாக்கடைக்கும், உன் பள்ளியின் கூரைக்கும், அடுத்த வீட்டு நெசவாளரின் கூலிக்கும் யார் பதில் சொல்வார்களோ அவர்களைப் பார்த்து வாக்களி."

அவள் முதன்முறையாக வாக்களித்த நாளில், சாவடி வரிசையில் அந்த நெசவாள நண்பர் எங்களுக்கு முன்னால் நின்றிருந்தார். "வா பாப்பா, முதல் ஓட்டா? நீ முன்னாலே போ" என்று இடம் விட்டார். அவள் யாருக்கு வாக்களித்தாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அண்டை வீட்டார் இருவர் இப்படி ஒரே வரிசையில் நிற்கும் நிலையை வல்ல நாயன் என்றும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.